சுடுதண்ணீரில் கரைத்த படிகாரம்

அய்யாக்கண்ணுவுக்கு முதலில் கிடைத்தது ஐஸ் தூக்குகிற வேலைதான். பட்டர்வொர்த்துக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவன், ஜெயலெட்சுமியைக் கட்டிக்கொண்ட கையோடு தோட்டம் வேண்டாமென்று கடலைத் தாண்டி பினாங்குக்கு வந்தான். சூலியா தெரு முனையில் ஒரு மாடியில் கார்த்திகேசு என்ற யாழ்ப்பாணத்துக்காரர் படம் பிடிக்கிற கடை வைத்திருந்தார். தினம் காலையில் ஐஸ் ஆலைக்குப் போய், கோணியில் சுற்றி, மரத்தூள் உதிர உதிர இரண்டு கட்டி ஐஸைத் தோளில் தூக்கி வந்து மாடியேற்ற வேண்டும். அதற்குத்தான் ஆள் எடுத்தார்.

படக்கடைக்கு ஐஸ் எதற்கு என்று ஜெயலெட்சுமி கேட்டாள். அவனுக்கும் அப்போது தெரியாது.

பிறகு தெரிந்துகொண்டான். கண்ணாடித் தட்டின் மேல் அகர் அகர் மாதிரி ஒரு பசை மெல்லிசாகப் பூசியிருக்கும். மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த பசை. படம் விழுவது அதில்தான். பனி விழுகிற ஊர்களில் அந்தத் தட்டை எந்தத் தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. பினாங்கில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும். அதில் போட்டால் பசை ஊறிப் பருத்து, ஓரத்தில் சுருங்கி, கடைசியில் ஆடை வழுக்குவது மாதிரி கண்ணாடியை விட்டு வழுக்கிவிடும். அதனால்தான் ஐஸ். ஐஸோடு இன்னொன்றும் உண்டு, குரோம் படிகாரம். நாட்டு மருந்துக் கடையில் விற்கிற வெள்ளைப் படிகாரத்துக்கு அது தம்பி முறை, நிறம்தான் வேறு. தகர டப்பாவுக்குள் கறுப்பாகத் தெரியும். ஒரு துண்டை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தால் நாவற்பழச் சாறு நிறம். எட்டு முகம், ஒவ்வொரு முகமும் பட்டை தீட்டினது போல. அதைக் கரைத்த தண்ணீரில் தட்டை முக்கி எடுத்தால் பசை இறுகிவிடும், பிறகு எந்த வெயிலும் அதை அசைக்காது.

நாலைந்து வருஷத்தில் அய்யாக்கண்ணு இருட்டறை வேலை முழுவதையும் பிடித்துக்கொண்டான். சிவப்பு விளக்கின் கீழே தட்டு கழுவுவது, மருந்து கலப்பது, பென்சிலால் முகத்தின் அம்மைத் தழும்பை மறைப்பது எல்லாம் அவன்தான். விரல் நுனிகள் பழுப்பேறி வெடித்துவிட்டன. சோறு பிசையும்போது உப்பு பட்டு எரிகிறது என்று கரண்டியால் சாப்பிடுவான்.

படிகாரம் கரைப்பதுதான் அவனுக்குச் சலிப்பு. உரலில் இடித்துப் பச்சைத் தண்ணீரில் போட்டு, கரைகிறதா கரைகிறதா என்று கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். “சுடுதண்ணி மட்டும் காட்டிப் போடாதை” என்று கார்த்திகேசு முதல் நாளே சொல்லியிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. செருப்போடு இருட்டறைக்குள் வராதே, வெற்றிலை போட்ட வாயோடு தட்டின் மேல் குனியாதே என்பதெல்லாம் போல இதுவும் அவருடைய சட்டங்களில் ஒன்று என்றுதான் அய்யாக்கண்ணு வைத்திருந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு அக்டோபரில் காய்ச்சல் வந்தது. கப்பலில் வந்தது என்றார்கள். முதலில் துறைமுகத்துக் கூலிகள் படுத்தார்கள், அப்புறம் ரிக்ஷாக்காரர்கள், அப்புறம் தெருவுக்குத் தெரு. சூலியா தெருவில் பாதிக் கடைகள் கதவுப் பலகையே எடுக்கவில்லை. காலையில் பேசிக்கொண்டிருந்த ஆள் மறுநாள் முகம் நீலம் பாய்ந்து கிடந்தான். சவம் தூக்க ஆள் இல்லாமல் மாட்டு வண்டியில் இரண்டு மூன்றாக ஏற்றிப் போனார்கள்.

கடைக்கு உயிரோடு யாரும் படம் எடுக்க வரவில்லை. செத்தவர்களைப் படம் பிடிக்கத்தான் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். எரிப்பதற்கோ புதைப்பதற்கோ முன்னால் ஒரு படம். கார்த்திகேசு மூன்று கால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார், அய்யாக்கண்ணு தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். ஐஸ் கிடைக்கவில்லை. வந்த ஐஸ் எல்லாம் காய்ச்சல் கண்டவர்களின் நெற்றிக்கே போதவில்லை. படிகாரத்தை நம்பித்தான் வேலை நடந்தது.

அந்த வாரத்தில் ஜெயலெட்சுமியும் படுத்துவிட்டாள். டத்தோ கிராமாட்டில் அவர்கள் இருந்த அறையில் அவளைப் பாயில் கிடத்தி, தலைமாட்டில் கஞ்சித் தண்ணீரை வைத்துவிட்டு அவன் வேலைக்கு வந்தான். வராமல் இருக்க முடியவில்லை.

அன்று மத்தியானம் தண்ணீர்மலை ரோட்டிலிருந்து ஒரு பெண் நடந்தே வந்தாள். ருக்குமணி. தோட்டங்களில் புல் செதுக்கிப் பிழைப்பவள். ஒரே பிள்ளை, ஏழு வயது அர்ஜுனன், விடிகாலையில் போய்விட்டான். புருஷன் சின்னையா கடலுக்கு அக்கரையில், டச்சுக்காரர்கள் ஆளுகிற தீவில், டெலி என்ற இடத்தில் ரயில் பாதை போடுகிற வேலைக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. போகும்போது பிள்ளை அப்போதுதான் ஓடப் பழகியிருந்தான்.

“அவுரு வந்து கேட்டா நான் என்னத்தக் காட்டுவேன்? ஒரு படம் எடுத்துக் குடுங்கய்யா” என்றாள்.

பலகை வீட்டின் உள்ளே வெளிச்சம் போதாது. பிள்ளையை வாசற்படிக்குக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். குளிப்பாட்டி, விபூதி பூசி, மாலை போட்டிருந்தது. தலை நிற்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் ஒரு சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் அய்யாக்கண்ணு மண்டி போட்டு, சேலையின் மடிப்பு வழியே கையை விட்டு அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டான். “அசையாதை” என்றார் கார்த்திகேசு. அசையக் கூடாதவன் அவன் ஒருவன்தான். எண்ணெய் தேய்த்த தலை உள்ளங்கையில் குளிர்ந்து கிடந்தது.

கடைக்குத் திரும்பியபோது சாயங்காலம். அன்றைக்கு மட்டும் நாலு வீட்டுத் தட்டுகள் சேர்ந்திருந்தன. கார்த்திகேசுவுக்கே உடம்பு அனலாய்க் கொதித்தது. “நீ கழுவி வை” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். படிகாரத் தண்ணீர் ஜாடியில் சொட்டுகூட இல்லை. இடித்துக் கரைத்துக்கொண்டு நின்றால் நேரம் போய்விடும். ஜெயலெட்சுமி காலையில் அவனை அடையாளம் தெரியாமல் பார்த்திருந்தாள்.

அடுப்பில் கார்த்திகேசுவின் கஷாயத்துக்காகத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

படிகாரத்தை எனாமல் ஜாடியில் கொட்டி, அந்தக் கொதிதண்ணீரை ஊற்றினான். கிண்டவே தேவைப்படவில்லை, உடனே கரைந்துவிட்டது. ஜாடியைக் குழாயடியில் வைத்து ஆற வைத்தான். ஆறிவிட்டால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தான். மங்கின வெளிச்சத்தில் ஜாடிக்குள் கறுப்பாகத்தான் தெரிந்தது. எப்போதும் அப்படித்தான் தெரியும். இருட்டறைச் சிவப்பு விளக்கில் ஊதாவும் கறுப்பு, பச்சையும் கறுப்பு.

தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தான். படம் நன்றாகத்தான் வந்தது. வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் ஒரு சிறுபிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. படிகாரத் தண்ணீரில் முக்கினான். நிலைநிறுத்தும் உப்பில் போட்டான். கடைசியாகக் குழாய்த் தண்ணீர்த் தொட்டியில் நாலு வீட்டுத் தட்டுகளையும் அடுக்கிவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

ஜெயலெட்சுமிக்கு வியர்த்திருந்தது. அவனைப் பார்த்து, “சாப்பிட்டியா?” என்று கேட்டாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. அவள் காலடியில் உட்கார்ந்து அவன் அழுதான்.

காலையில் தொட்டியில் வெறும் கண்ணாடிகள் நின்றன. தண்ணீரின் அடியில் கறுத்த ஆடை மாதிரி ஏதோ கிடந்தது. விரலால் தொட்டான். கலங்கிப்போயிற்று.

கார்த்திகேசு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். தொட்டியைப் பார்த்தார். ஜாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய் ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றினார். பாசி பிடித்த குளத்துத் தண்ணீர் போலப் பச்சை.

“சுடுதண்ணியிலயோ கரைச்சனீ?”

“ஆற வச்சிட்டுத்தான் ஐயா ஊத்தினேன்.”

“ஆறினா? ஆறினா திரும்பி வருமெண்டு ஆர் சொன்னது உனக்கு?” அவர் கத்தவில்லை, கத்தத் தெம்பு இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். “உந்தக் கட்டிக்குள்ளை தண்ணி இருக்கு. காய்ஞ்ச கல்லு மாதிரித் தெரியும், ஆனா பாதியளவு தண்ணி. அந்தத் தண்ணி இருக்கிற இடத்திலை இருந்தாத்தான் அது படிகாரம். நீ அதைக் கலைச்சுப் போட்டாய்.”

கார்த்திகேசு சிங்கப்பூரில் ஒரு ஜெர்மன்காரரிடம் தொழில் படித்தவர், அவ்வளவுதான் அவருக்குச் சொல்லத் தெரிந்தது. நடந்தது இதுதான். குரோமியத்தின் ஒவ்வோர் அணுவையும் ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் மேலும் கீழும் நாலு பக்கமுமாகச் சூழ்ந்து நிற்கின்றன. அந்த ஆறும் அப்படியே நிற்பதால்தான் அந்த ஊதா நிறம். அவை ஒன்றோடொன்று ஒழுங்காகப் பொருந்தி அடுக்குவதால்தான் அந்த எட்டு முகக் கட்டி. கொதிக்கிற தண்ணீர் பட்டால் ஆறில் சில கழன்றுவிடும். அந்த இடத்தைக் கரைசலில் இருக்கும் கந்தக அமில உப்பு பிடித்துக்கொள்ளும். பொருள் ஒன்றும் குறைந்துவிடவில்லை, ஒன்றும் கூடிவிடவில்லை. உள்ளே யார் எங்கே நிற்கிறார்கள் என்பது மட்டும் மாறிவிட்டது. நிறம் பச்சையாகிவிடும். காய வைத்தால் கட்டியாகாமல் பிசினாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். பசையை இறுக்குகிற பலம் போய்விடும். ஆற வைத்தால் திரும்புவது உண்மைதான், ஆனால் ஒரு ராத்திரியில் அல்ல. வாரக்கணக்கில், மெல்ல மெல்ல.

நாலு வீடுகளில் மூன்று வீட்டுக்குக் கார்த்திகேசு சொல்லி அனுப்பினார். ஒரு வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறக்க யாரும் இல்லை. ஒரு வீட்டில், சவத்தை இன்னும் எடுக்கவில்லை, வந்து இன்னொரு முறை பிடியுங்கள் என்றார்கள். நாலாவது வீட்டுக்கு அய்யாக்கண்ணு தானே போவதாகச் சொன்னான். அர்ஜுனனை முந்தின நாள் இருட்டும் முன்பே புதைத்துவிட்டிருந்தார்கள்.

ருக்குமணி வாசலில் உட்கார்ந்து புல் செதுக்குகிற கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள். அவன் நின்றுகொண்டே சொன்னான். தண்ணீர் மாறிப்போச்சு, படம் கரைஞ்சுபோச்சு, என் தப்புதான் என்றான்.

அவள் தீட்டுவதை நிறுத்தவில்லை. கத்தியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“எதுக்கு அவசரப்பட்டே?”

“வீட்டுல சம்சாரத்துக்குக் காய்ச்சல்.”

“எப்படி இருக்கா?”

“பொழச்சிக்கிட்டா.”

“சரி” என்றாள். அப்புறம் கத்தியைக் கீழே வைத்தாள். “உங்க கடையில வேற பிள்ளை படம் இருக்கா?”

அவனுக்குப் புரியவில்லை.

“இதே வயசுல. ஆம்பளப் பிள்ளை. அவுரு பாத்து அஞ்சு வருசம் ஆச்சு, எந்த மூஞ்சின்னு தெரியப்போவுது? வெறுங்கையோட நான் நின்னா அந்த மனுசன் கேப்பாரு, ஒரு படம்கூட எடுக்கலியாடின்னு. ஆயுசுக்கும் கேப்பாரு. பாத்து அழறதுக்கு அவருக்கு என்னமோ ஒண்ணு வேணும்.”

அப்படி ஒரு தட்டு இருந்தது. போன வாரம் எடுத்தது. அச்சடித்தும் யாரும் வாங்க வரவில்லை. விசாரித்ததில் அந்தப் பிள்ளையின் தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட்டதாகத் தெரிந்தது. எந்த ஊர்க்காரர்கள் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. இதே மாதிரி விபூதி, இதே மாதிரி மாலை.

கார்த்திகேசு முதலில் மாட்டேன் என்றார். “பாவமடா இது. ரெண்டு பிள்ளைக்கும் செய்யிற பாவம்.” பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, “என்னெண்டாலும் செய், எனக்குக் காட்டாதை” என்றார்.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தான். ருக்குமணி அதை வாங்கி ஒரு முறை பார்த்தாள். “யாரு பெத்த பிள்ளையோ” என்று சொல்லி, முந்தானையால் துடைத்து, சுவரில் மாட்டினாள். “அதுக்கும் சேத்து விளக்கு ஏத்திக்கிறேன்.”

காய்ச்சல் ஓய்ந்தது. கடைகள் திறந்தன. அலமாரியில் கார்த்திகேசு எதற்கோ எடுத்து வைத்திருந்த அந்தப் பச்சை நிறத் தண்ணீர் பாட்டிலை ஒரு நாள் அய்யாக்கண்ணு பார்த்தான். ஓரத்தில் நீலம் கலந்திருந்தது. இன்னும் சில வாரத்தில் முழுக்க ஊதாவாகி, அடியில் கடுகளவு கட்டிகள் உட்கார்ந்திருந்தன, எட்டு முகத்தோடு. தட்டுக் கழுவ இனி அது உதவும். பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்தான்.

அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் சின்னையா டெலியிலிருந்து வந்தான். கறுத்து மெலிந்த ஆள், மெதுவாகப் பேசுவான். படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்தான்.

“அண்ணே, இதப் பெரிசாப் போடணும்.”

“போடலாம்.”

“நீங்கதான் எடுத்தீங்களா?”

“ஐயா எடுத்தாரு. நான் கூட இருந்தேன்.”

சின்னையா படத்தை மேஜைமேல் வைத்து விரலால் தொடாமல் காட்டினான். “இந்த இடத்துல, எடது புருவத்துக்கு மேல, ஒரு தழும்பு இருக்கும்ணே. நடக்கப் பழகினப்ப நான்தான் தூக்கி விளையாட்டுக் காட்டினேன். கதவு நிலையில இடிச்சிருச்சு. ரத்தம்னா ரத்தம். எம்பொண்டாட்டி என்னை ஒரு மாசம் ஏசினா. அந்தத் தழும்பைக் காணோமே?”

அய்யாக்கண்ணு படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான். “விபூதி மறைச்சிருக்கும்” என்றான்.

“விபூதி மேல இருக்கு. இது கீழ.”

“வெளிச்சம் நேரா அடிச்சா தழும்பு விழாது தம்பி.”

சின்னையா தலையாட்டினான். நம்பினானோ, நம்ப வேண்டியிருந்ததோ. “போட முடியுமாண்ணே? நீங்க தழும்பை அழிப்பீங்கன்னு சொல்றாங்க. போடவும் தெரியுமில்ல? அது இல்லாம அவன் மாதிரியே இல்ல.”

போட்டான். தட்டை ஜன்னலுக்கு நேரே சாய்த்து, பென்சிலை ஊசியாகச் சீவி, ஊர் பேர் தெரியாத ஒரு பிள்ளையின் இடது புருவத்துக்கு மேல் ஒரு மெல்லிய கோடு இழுத்தான். அச்சில் அது வெள்ளையாக, பழைய காயம் போலவே விழுந்தது. பெரிய படத்தைப் பார்த்ததும் சின்னையா மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். “இதான்ணே. இதான் என் பிள்ளை.”

சில நாள் கழித்து ருக்குமணி கடைக்கு வந்தாள். படியேறி வந்த மூச்சோடு சொன்னாள்.

“ஏன் அந்தத் தழும்பைப் போட்டே?”

அவன் பென்சிலைக் கீழே வைத்தான்.

“படம் சின்னதா இருந்தப்ப எனக்கு அது வேற பிள்ளைன்னு தெரியும். இப்ப நடுச் சுவத்துல தழும்போட உக்காந்திருக்கு. அவுரு தினம் அதுகூடப் பேசுறாரு. நான் கண்ண மூடினா அந்த மூஞ்சிதான் வருது. என் பிள்ளை மூஞ்சி வரமாட்டேங்குது.” அவள் குரல் உயரவில்லை. “நீ பாத்தியே. கண்ணாடியில வந்துச்சே, கரையறதுக்கு முந்தி. எப்படி இருந்தான்? சொல்லு.”

அய்யாக்கண்ணு நினைத்துப் பார்த்தான். சிவப்பு விளக்கில் தட்டில் எழும்பிய உருவத்தைக் கண்முன் கொண்டுவர முயன்றான். வந்தது அந்த இன்னொரு பிள்ளையின் முகம்தான். அதன் மேல் அவன் பென்சில் பிடித்து உட்கார்ந்திருந்த நேரம் அதிகம். பொய் சொல்ல எளிதாக இருந்திருக்கும்.

“தெரியலம்மா” என்றான். “எனக்கும் அதான் வருது.”

அவள் திரும்பிப் படியிறங்கப் போனாள். அப்போதுதான் அவனுக்குக் கையில் ஞாபகம் வந்தது.

“அம்மா, நான் பின்னாலதானே இருந்தேன். தலையத்தான் பிடிச்சிருந்தேன். உச்சியில ரெட்டைச் சுழி. ஒண்ணு வலம், ஒண்ணு இடம். முடி அந்த இடத்துல படியாம நின்னுச்சு. அது நல்லாத் தெரியும் எனக்கு.”

ருக்குமணி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். “ஆமா” என்றாள். “எவ்வளவு எண்ணெ வச்சாலும் படியாது.” பிள்ளை செத்த பிறகு அவள் அழுது அவன் பார்த்தது அன்றுதான். கார்த்திகேசு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, வந்திருந்த ஒரு வாடிக்கையாளரை அப்புறம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த வருஷமே சின்னையா அவளை டெலிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். படமும் கப்பலேறியது.

அய்யாக்கண்ணு அதே கடையில் இருந்தான். அவனுக்கும் ஜெயலெட்சுமிக்கும் பிள்ளை இல்லை. காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு நெஞ்சு பலவீனம். மாடியேறினால் இரைக்கும். செத்தவர்களைப் படம் பிடிக்கப் போனால் அவன் இரண்டு தட்டு எடுக்கச் சொல்வான். ஒன்றைக் கழுவி முடித்துக் காய்ந்த பிறகுதான் மற்றதைத் தொடுவான். தட்டு வீணாகிறது என்று கார்த்திகேசு முணுமுணுப்பார், ஆனால் தடுத்ததில்லை. படிகாரம் கரைக்கிற நாளில் யாரையும் அடுப்பு மூட்ட விடமாட்டான். பச்சைத் தண்ணீரில் இடித்துப் போட்டு, மணிக்கணக்காக நின்று கிண்டுவான்.

கார்த்திகேசு ஊருக்குப் போய் அங்கேயே இறந்துபோனார். ரப்பர் விலை சரிந்த வருஷங்களில் கடையும் நொடித்தது. தோட்டத்து ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போகிறவர்கள் யாரும் படம் எடுத்துக்கொள்ளவில்லை. கடையை மூடுவதற்குச் சில மாதம் இருக்கும்போது சின்னையா வந்தான். தலை நரைத்திருந்தது. கூட ஒரு பெண் பிள்ளை, எட்டு ஒன்பது வயது இருக்கும். கையில் துணி சுற்றிய பெரிய படச் சட்டம்.

“டெலியிலயும் வேலை இல்லண்ணே. ஆளைக் குறைச்சிட்டாங்க. நாகப்பட்டணம் கப்பல்ல போறோம்.”

“உங்க வீட்டுல?”

“இவளைப் பெத்துப் போட்டுட்டுப் போயிட்டா.” அதைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தான். “அவளைத்தான் ஒரு படம்கூட எடுக்கல. இவளும் இவ அண்ணனும் சேர்ந்து இருக்கிற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்க. ஊர்ல எங்க ஆத்தாவுக்குக் காட்டணும்.”

அய்யாக்கண்ணு அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்தான். அவள் சட்டத்தை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். ஓரத்தில் பூஞ்சை பூத்திருந்தது. புருவத்துக்கு மேல் கோடு அப்படியே இருந்தது.

“அண்ணனுக்கு இங்க அடிபட்டுச்சு” என்று அவள் அவனிடம் காட்டினாள். “அப்பா தூக்கினப்ப.”

“ஆமாம்மா” என்றான்.

அவளுடைய முடி முன்னால் விழுந்திருந்தது. சரிசெய்யக் குனிந்தவன் உச்சியைப் பார்த்தான். ஒற்றைச் சுழிதான். சின்னையா சுவரோரம் நின்று காத்திருந்தான். சொல்வதென்றால் இப்போது சொல்லலாம். அது வேறு பிள்ளை என்று தெரிந்தவர்களில் அய்யாக்கண்ணு ஒருவன்தான் மிச்சம். அந்த மனிதன் அந்தப் படத்தோடு பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் பேசியிருக்கிறான்.

அய்யாக்கண்ணு கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். கண்ணாடியில் இரண்டு பிள்ளைகளும் தலைகீழாகத் தெரிந்தார்கள்.

“அசையாம இரும்மா” என்றான்.

மறுநாள் வந்து படத்தை வாங்கிப் போனார்கள். நன்றாக வந்திருந்தது.